தீனி ரிஜிஸ்டர்

தட்டுகளை முதல் தரம் ஆட்ட இன்னும் பதினைந்து நிமிடம். ஆவுடையப்பன் டைமரைத் திருகி வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். இன்குபேட்டருக்குள் ஆறு தட்டுகள். ஒவ்வொரு தட்டின் அடியிலும் பாய் விரித்த மாதிரி உயிருள்ள செல்கள், அதன்மேல் நாலு சொட்டு வைரஸ் தண்ணீர். அது செல்லில் போய் ஒட்டிக்கொள்ள ஒரு மணி நேரம் ஆகும். காய்ந்துவிடாமல் கால் மணிக்கு ஒரு தரம் தட்டை எடுத்து இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. அறுபத்தேழு வயதுக்காரர் செய்ய வேண்டிய வேலை இல்லை. இன்றைக்கு இதைச் செய்யச் சொல்லி அவரிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆயிற்று. கௌரவப் பேராசிரியர் என்று கதவில் ஒரு பலகை, ஒரு நாற்காலி, வளர்ப்பு அறைக்கு ஒரு சாவி. காலையில் ரேணுகாதேவி கையெழுத்துக் கேட்டுக் காகிதத்தோடு வந்து நின்றபோது வாயில் வந்ததைச் சொன்னார்: "தட்டு போட்டிருக்கேன்மா, ஒரு மணி நேரம் நகர முடியாது." அப்போது தட்டு எதுவும் போட்டிருக்கவில்லை. சொன்ன பிறகுதான் உள்ளே ஓடிவந்து கோட்டை மாட்டினார். அதற்கே முதுகு கூசியது. பள்ளிக்கூடத்தில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் பிறகு வயிற்றைப் பிடித்துக்கொள்கிற பிள்ளை மாதிரி. ரேணுகா ஒரு காலத்தில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவள், இன்று இந்த வைரஸ் ஆராய்ச்சி நிறுவனத்தின் இயக்குநர். பொய்யென்று அவளுக்குத் தெரிந்திருக்கும். "சரி சார், பதினோரு மணிக்குத்தான் கமிட்டி. பத்தே முக்காலுக்கு நானே வர்றேன்" என்றாள். காகிதத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போகவில்லை, கையில் கொடுத்துவிட்டுப் போனாள். அதைத்தான் இப்போது கோட்டுப் பையில் நாலாக மடித்து வைத்திருக்கிறார். மூச்சு விடும்போதெல்லாம் உள்ளே சரசரக்கிறது.

என்ன எழுதியிருக்கிறாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறாள், அவள் எழுத்து எப்போதுமே சுத்தம். 'அக்காலத் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவரின் கையாளுகையில் ஏற்பட்ட பிழையினால் வைரஸ் மாதிரிகள் கலந்துவிட்டன.' ஒருவரின். பெயர் இல்லை. "பேரெல்லாம் போடல சார். தீனி ரிஜிஸ்டர்ல அந்தப் பக்கத்தை மட்டும் நகல் எடுத்து வச்சிருக்கோம். இனிஷியல்தான் தெரியும். ரெக்கார்டு அவ்வளவு தெளிவா இருக்கே, நமக்கு அதிர்ஷ்டம்னுதான் சொல்லணும்." நமக்கு என்றாள். செல்களுக்கு மீடியா என்கிற சத்துத் தண்ணீர் மாற்றுவதை அந்த நாளில் எல்லோரும் தீனி வைக்கிறது என்றுதான் சொல்வார்கள். ஒரு நீள நோட்டு. தேதி, செல் வளர்கிற எந்த ஃப்ளாஸ்க், யார் வைத்தது. யார் வைத்தாலும் கையெழுத்து டெக்னீஷியனுடையதுதான். ஆபீசர் அந்த நோட்டில் பேனா வைக்க மாட்டார். வைத்தால் ஆடிட்காரன் கேட்பான், அன்றைக்கு டெக்னீஷியன் எங்கே போனான் என்று. அதனால் நாற்பது வருஷ நோட்டைப் புரட்டினாலும் ஒரு ஆபீசரும் ஒரு செல்லுக்கும் ஒரு சொட்டும் ஊற்றியதில்லை. ஞா.சௌ., ஞா.சௌ., ஞா.சௌ. அந்தச் சனிக்கிழமைக்கு நேராகவும் ஞா.சௌ. ஞானசௌந்தரி. சனிக்கிழமை ஒரு மணிக்கு அரைநாள் முடித்துக் கிளம்பிப் போனவள். ஊற்றியது மூன்றே முக்காலுக்கு. ஊற்றியது யார்? அதைத்தான் இந்தக் காகிதம் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடலாம் என்று முப்பத்து மூன்று வருஷமாக ஒருத்தன் காத்திருந்தான் என்றால் நம்புவார்களா. நம்ப வேண்டாம். அவருக்கே நம்பிக்கை இல்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார். மூக்கு அரித்தது. கையுறை போட்ட கையால் தொடக் கூடாது. தோளில் தேய்த்துக்கொண்டார்.

டைமர் அடித்தது. தட்டுகளை எடுத்து ஹூட் என்கிற கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்து ஒவ்வொன்றாகச் சாய்த்தார். வலம், இடம், முன்னே, பின்னே. கை நடுங்கவில்லை. இந்தக் கையைப் பற்றித்தான் பேச்சு. ஆவுடையப்பன் கைபட்டால் செல் சாகாது என்று பழைய இயக்குநர் வெளிநாட்டுக்காரர்களிடம் சொல்வார். அந்த இயக்குநரின் மகள் கல்யாண வரவேற்புக்குத்தான் அன்று போக வேண்டியிருந்தது. எதற்குப் போக வேண்டும்? சாப்பிடவா. இல்லை. வெளிநாட்டுப் பயிற்சிக்கு ஒரே ஒரு இடம், பெயர் சொல்லப்போகிறவர் அவர். வாசலில் நின்று சந்தனம் கொடுப்பவர்களோடு தானும் நின்றால் கண்ணில் படலாம். அதற்காக. சொன்னால் சிரிப்பார்கள். ஒரு மனிதன் தப்புச் செய்தால் அதற்குப் பசி, பயம், நோய் என்று ஒரு கௌரவமான காரணமாவது இருக்க வேண்டும். சந்தனக் கிண்ணம். ஐந்து மணிக்குள் வீட்டுக்குப் போய்ப் பட்டு வேட்டி கட்டியாக வேண்டும். ஹூட்டில் மூன்று ஃப்ளாஸ்க். ஒன்று சுத்தமானது, வைரஸே இல்லாதது, ஒப்பிடுவதற்கு. ஒன்று கீழப்பொய்கை என்ற கிராமத்திலிருந்து காய்ச்சலோடு வந்த பிள்ளையின் முதுகுத்தண்டு நீர் போட்டது. மூன்றாவது அறைக்குள்ளேயே பல வருஷமாக வளர்க்கிற மூளைக்காய்ச்சல் வைரஸ், ராட்சசன், ஒரு துளி போதும். சுத்தம் முதலில், நோயாளியுடையது அடுத்து, ராட்சசன் கடைசியில். மூன்றுக்கும் தனித்தனி மீடியாக் குப்பி. முதல் நாள் வேலைக்கு வந்தவனுக்கே தெரிந்த வரிசை. சௌந்தரி ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்: மூன்று குப்பி ஃப்ரிட்ஜில். வெளியே எடுத்து இளஞ்சூடு ஆக இருபது நிமிடம். அவர் ஒன்றை எடுத்தார். ஒன்றைத்தான் உள்ளங்கையில் வைத்து உருட்டிச் சூடாக்கினார். சுத்தத்துக்கு ஊற்றினார். அது சரி. பிறகு கைக்குப் பக்கத்தில் எது இருந்ததோ அதற்கு, ராட்சசனுக்கு. பிறகு அந்தத் துளி ஒட்டிய பைப்பெட்டை அதே குப்பிக்குள் விட்டு, பிள்ளையின் ஃப்ளாஸ்க்குக்கு. சுத்தமானது கடைசிவரை சுத்தமாகவே இருந்தது. அதுதான் அவரைக் காப்பாற்றியது. அது செத்திருந்தால் அன்றைக்கே எல்லாம் குப்பைக்குப் போயிருக்கும், மறுபடி முதலிலிருந்து செய்திருப்பார், யாருக்கும் ஒரு கேடும் இல்லை. தட்டுகளைத் திரும்ப உள்ளே வைத்தார். டைமர். பதினைந்து.

திங்கட்கிழமை அவள் குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்கிறார். கோபம் இல்லை. நாகர்கோவில் பக்கத்துக் குரல், வார்த்தை முடிகிற இடத்தில் கொஞ்சம் இழுக்கும். "சார், ரெண்டு குப்பி சீல் பிரிக்காம அப்படியே இருக்குது. மூணுக்கும் ஒண்ணுலேருந்தா போட்டீங்க?" மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையை எடுக்காமல் சொன்னார், "உன் சோலியப் பாரு." அவள் போகவில்லை. "இல்ல சார், கேட்டேன். வரிசை?" "வரிசையெல்லாம் எனக்குத் தெரியும். நீ எனக்குப் பாடம் எடுக்காத." பிறகு நோட்டு. சனிக்கிழமைக் கட்டம் காலியாக இருந்தது. "போடு." "நான் ஒரு மணிக்கே போயாச்சே சார்." "போடுன்னா போடேன். ஆபீசர் கையெழுத்து அதுல வந்தா ஆடிட்ல நீதான் பதில் சொல்லணும்." அவளுக்கு இருபத்தாறு வயது. வேலை நிரந்தரமாகி இரண்டு மாதம். பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி, மூடியைப் பின்னால் செருகி, மெதுவாகத்தான் போட்டாள். கட்டத்துக்குள் அடங்குகிற மாதிரி. அந்த மெதுவை அவர் அப்போது கவனிக்கவில்லை என்று பல வருஷம் தனக்குத் தானே சொல்லிக்கொண்டிருந்தார். கவனித்ததால்தானே இன்றைக்கும் மூடி கழன்ற சத்தம் காதில் இருக்கிறது. புதன்கிழமை பிள்ளையின் ஃப்ளாஸ்க்கில் செல்கள் உருண்டு சுருண்டு மிதந்தன. வைரஸ் கிடைத்துவிட்டது என்று அறையே கூடிவிட்டது. யாரோ லட்டு வாங்கி வந்தார்கள். சௌந்தரிக்கும் ஒன்று கொடுத்தார்கள். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள், தின்றாளா தெரியாது. அவருக்கு எதிரே நின்றாள். அவர் பார்வையை வேறு பக்கம் கொண்டுபோனார். நெஞ்சுக்குள் எலி ஓடுகிற மாதிரி ஒன்று ஓடியது, அதைச் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டார். டியூபில் இன்னும் கொஞ்சம் முதுகுநீர் மிச்சம் இருந்தது. மறுபடி ஒரு தரம் முதலிலிருந்து போட்டுப் பார்த்திருக்கலாம். மூன்று நாள் வேலை. மாதிரியை வீணாக்கக் கூடாது, பாதுகாக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னார். பாதுகாத்தார். டியூபுக்குள் அது வற்றி ஒரு வெள்ளைக் கறையாகும் வரை பாதுகாத்தார்.

ராட்சசனுக்குக் கீழப்பொய்கை என்று பெயர் வைத்தார்கள். கீழப்பொய்கை வகை. பதினோரு நாடுகளுக்கு உலர்பனிப் பெட்டியில் போயிற்று. ஊர்க்காரர்களுக்குத் தங்கள் ஊர்ப் பெயர் அங்கெல்லாம் போனது தெரியாது. அவர்களுக்குத் தெரிந்தது வேறு. ஒரு மாதம் கழித்து அந்தப் பிள்ளையின் அப்பா வந்தார். பூமயில் என்று பிள்ளைக்குப் பெயர், ஆறு வயது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து நின்றார். "எம்புள்ளைக்கு என்னன்னு கண்டுபுடிச்சுட்டீங்களாம்ல. என்ன சாமி அது?" அவருக்கு நிதானமாக விளக்கினார் ஆவுடையப்பன். பன்றிக்குள்ளே இருக்கும், கொசு கடிக்கும், கொசு பிள்ளையைக் கடிக்கும். சிலேட்டில் படமே போட்டுக் காட்டினார். அந்த மனிதர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "பன்னியா" என்றார். ஒரே ஒரு சொல். போய்விட்டார். ஊர்க் கோடியில் பன்றி வளர்த்த ஏழு குடும்பம் இருந்தது. பொங்கலுக்கு முன்னால் ஒரு குடும்பமும் இல்லை. பன்றிகளை வலை போட்டுப் பிடித்துக் கொன்றார்கள், மனிதர்களைச் சும்மா போகச் சொன்னார்கள். ஊர் முழுக்கக் கொசுப்புகை அடித்தார்கள். அதற்குப் பிறகும் நாலு பிள்ளைகள் அதே காய்ச்சலில் விழுந்தார்கள். அந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும், காரணம்தான் கிடைத்துவிட்டதே. தண்ணீரில்தான் இருந்தது என்று சொல்ல வரவில்லை. எதில் இருந்தது என்று சொல்ல யாராலும் முடியாது இனி. அதற்கு அந்த வெள்ளைக் கறை வேண்டும். நாக்கு வறண்டது. இந்த அறைக்குள் தண்ணீர் கொண்டுவரக் கூடாது. விதி. அவர் எழுதிய விதி, கதவில் அவர் கையெழுத்தோடு ஒட்டியிருக்கிறது. அந்தக் கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தது.

இரண்டாவது ஆட்டு. முன்னே, பின்னே. நாலாவது தட்டில் ஒரு குமிழி, சாய்த்துப் போக்கினார். இதுவரை நினைத்ததெல்லாம் நினைக்கக்கூடிய பகுதி என்று அவருக்குத் தெரியும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தரம் வரும், பல்வலி மாதிரி, ஓரத்தில் நாக்கை வைத்து அமுக்கிவிட்டால் போய்விடும். அவசரத்தில் நடந்தது, சின்ன வயது, கைப்பிசகு. ரேணுகாவே சொன்னாள், "யாருக்கு வேணா நடக்கும் சார், எத்தனை லேப்ல நடந்திருக்கு." அதற்கு அந்தப் பக்கம் ஒன்று இருக்கிறது. அங்கே நாக்கு போகாது. இரண்டாயிரத்து மூன்று. நிறுவனத்துக்குப் புதிதாக மரபு எழுத்து படிக்கிற இயந்திரம் வந்த வருஷம். அதற்குள் அவர் மூலக்கூறு ஆள், மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்துப் பார்க்கிற காலம் முடிந்துவிட்டது, வைரஸின் மரபு எழுத்தையே வரிசையாக வாசிக்கலாம். முதலில் எதை வாசிப்பது? தன் கீழப்பொய்கையைத்தான். பதினோராயிரம் எழுத்து. பல மாதம் துண்டு துண்டாக வாசித்து ஒட்டினார், ஒட்டியதை ராட்சசன் பக்கத்தில் வைத்தார். இரண்டு வேறு ஊர்க்காரர்கள் என்றால் நூற்றுக்கணக்கில் எழுத்து மாறியிருக்க வேண்டும். இரண்டே எழுத்து. பதினோராயிரத்தில் இரண்டு. ராட்சசனேதான். வெள்ளிக்கிழமை பிற்பகல், ஜன்னல் வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள், அது கிளம்பவே இல்லை, உதை, உதை, உதை. அந்தச் சத்தம் நிற்கிறவரை அவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சௌந்தரி அதற்கு முன்பே போய்விட்டாள். போய்விட்டாளா, அனுப்பினாரா. தொண்ணூற்று மூன்றில் மாவட்ட ஆஸ்பத்திரி ரத்த வங்கிக்கு ஆள் கேட்டார்கள். 'பொறுப்பானவர், பரிந்துரைக்கிறேன்.' எழுதியது அவர்தான். நல்ல வார்த்தைதான் எழுதினார். நல்ல வார்த்தையால் ஒருத்தியை முன்னூறு கிலோமீட்டர் தள்ளிவைக்க முடியும் என்று அன்று கற்றுக்கொண்டார்.

அந்த வெள்ளிக்கிழமை சொல்லியிருக்கலாம். அன்று அவருக்கு நாற்பத்தாறு வயது. துறைத்தலைவர். சந்தனக் கிண்ணத்துக்காக ஓடுகிற ஆள் இல்லை. சொன்னால் என்ன போயிருக்கும்? ஒரு பேர். பேர் பெரிதாகத்தான் தெரிந்தது. என்ன செய்தார் என்றால், முழு எழுத்தையும் வெளியிடவில்லை. அந்த இரண்டு எழுத்து இருந்த துண்டு, இருநூறு எழுத்துதான், அதை மட்டும் வெட்டி எடுத்து வெளியிட்டார். இருநூற்றில் இரண்டு மாறியிருக்கிறது பார், தனி வகைதான் பார் என்று. மீதி பத்தாயிரத்துச் சொச்சத்தைக் கம்ப்யூட்டரில் ஒரு கோப்புக்குள் போட்டு, கோப்புக்குப் 'பழசு' என்று பெயர் வைத்தார். இதைக் கைப்பிசகு என்று யாரும் சொல்ல முடியாது. இதற்கு அவசரம் இல்லை, கல்யாணம் இல்லை. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, டீ குடித்துக்கொண்டே செய்தது. பெங்களூரிலிருந்து போன மாதம் ஒரு பெண் கடிதம் எழுதியிருக்கிறாள், முழு வைரஸையும் வாசித்தேன், இரண்டு எழுத்துதான் மாறுகிறது, உங்கள் பழைய பதிவுகளைப் பார்க்க முடியுமா என்று. அதற்காகத்தான் இன்றைக்குக் கமிட்டி. மிகவும் மரியாதையாக எழுதியிருக்கிறாள். அந்த மரியாதைதான் தாங்கவில்லை. இன்று காலை சவரம் செய்யும்போது கோமதி கேட்டாள், "என்ன, இன்னிக்கு இம்புட்டு மழமழன்னு? பொண்ணு பாக்கப் போறீகளா?" சிரித்தார். நாற்பது வருஷம் கூடக் குடியிருந்தவளுக்கும் தெரியாது. சௌந்தரிக்கும் இந்த இரண்டாவது தெரியாது. முதலாவதற்கு ஒரு சாட்சி உண்டு. இதற்கு யாரும் இல்லை. ரேணுகாவின் காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இது கிடக்கிற இடத்திலேயே கிடக்கும். டெக்னீஷியன் கலந்துவிட்டாள், பெரியவருக்குத் தெரியாது, பாவம், ஏமாந்திருக்கிறார். ஏமாந்த பெரியவர். நல்ல வேஷம். கண்ணாடி முன்னால் நின்று பார்த்தால் பொருந்தவும் செய்யும்.

மூன்றாவது ஆட்டு எப்போது ஆட்டினார் என்று அவருக்கே தெரியவில்லை. தட்டுகள் உள்ளே இருந்தன, டைமர் ஓடிக்கொண்டிருந்தது, கை ஈரமாக இருந்தது. கடைசிக் கால் மணி. அவளுக்கு என்ன போய்விடும் என்று ஒரு தரம் நினைத்துப் பார்த்தார், நேர்மையாகவே. போன வருஷம் ஓய்வு பெற்றுவிட்டாள் என்று ரேணுகா சொன்னாள். பென்ஷனை யாரும் நிறுத்தப் போவதில்லை. முப்பது வருஷம் ரத்த வங்கி, ஒரு குறை இல்லையாம். மாவட்டத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்களையெல்லாம் ஒரு வாரம் அவளிடம் அனுப்புவார்களாம், கை சுத்தம் பழகிக்கொண்டு வா என்று. அந்தப் பிள்ளைகள் படிப்பார்கள். எல்லாம் இப்போது செல்போனில் வந்துவிடுகிறது, விஞ்ஞானிகளை முப்பது வருஷம் ஏமாற்றிய ஒரு டெக்னீஷியனின் கைப்பிழை என்று எவனாவது தலைப்புப் போடுவான், பக்கத்தில் நோட்டின் படம், அதில் கட்டத்துக்குள் அடங்கி ஞா.சௌ. அவளிடம் இருந்ததே அது ஒன்றுதான், கை சுத்தம். அதை எடுத்துத் தன் கையைத் துடைத்துக்கொள்ளச் சொல்கிறது இந்தக் காகிதம். சரி, சொல்லிவிட வேண்டியதுதான். சொல்லிவிடலாம். எப்படி? கமிட்டியில் மூன்று பேர், எல்லோரும் ஏதோ ஒரு வகையில் அவரிடம் படித்தவர்கள். அவர்கள் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆரம்பித்ததும் அந்த நினைப்பை விட்டு நகர்ந்துவிட்டார். அவளிடம் முதலில் பேசிவிட்டால் என்ன. அவளே சொன்னால். அன்று நான் இல்லை, சார்தான் ஊற்றினார் என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் தான் ஆமாம் என்று தலையாட்டிவிடலாம். ஆமாம் சொல்வது அவ்வளவு கஷ்டம் இல்லை. இந்த யோசனை வந்ததும் நெஞ்சில் காற்று இறங்கியது. நல்ல வழி என்று தோன்றியது. நியாயமான வழியும்கூட, பாதிக்கப்பட்டவள் அவள்தானே, அவள் வாயால் வரட்டும். டைமர் அடித்தது. நாலாவது ஆட்டு. தட்டுகளை அப்படியே ஹூட்டில் விட்டுவிட்டுக் கையுறையைக் கழற்றிப் போட்டார். மேலே கூழ் ஊற்றி மூட வேண்டிய நேரம். ஊற்றாவிட்டால் ஆறு தட்டும் காய்ந்துபோகும். காயட்டும்.

வெளி அறையில் ரேணுகா ஏற்கனவே வந்து நின்றிருந்தாள், கையில் பேனாவோடு. "முடிஞ்சுதா சார்?" "சௌந்தரி நம்பர் இருக்கா?" "இருக்கு. ஆனா பேசணும்னு அவசியமே இல்லை சார். எதுக்கு அவங்களையும் போட்டுக் கலக்கிட்டு." "போடும்மா." அவள் தன் போனிலேயே போட்டாள், அவர் கைக்குக் கொடுத்தாள். நாலு தரம் மணி அடித்தது. பின்னால் எங்கேயோ தேங்காய் துருவுகிற சத்தம். "யாரு பேசுறது?" "ஆவுடையப்பன்." துருவல் நின்றது. "சாரா?" என்றாள். எழுந்து நின்றிருப்பாள் என்று அவருக்குத் தோன்றியது. குரலில் அந்த இழுப்பு அப்படியே இருந்தது. "சார் நல்லா இருக்கீங்களா? கோமதி அக்கா நல்லா இருக்காங்களா?" "ம். உன்கிட்ட ஒரு விஷயம் கேக்கணும். அந்தப் பழைய..." முடிக்கவில்லை. அவளே குரலைத் தாழ்த்திக்கொண்டாள். பக்கத்தில் யாரோ இருக்கிறார்கள் போல. "குப்பி விஷயமா சார்? நான் யார்ட்டயும் சொல்லல. இந்த நிமிஷம் வரைக்கும் சொன்னதில்ல. எங்க வீட்டுல அவருக்குக்கூடத் தெரியாது. நீங்க பயப்படாதீங்க சார்." சொல்லிவிட்டுக் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். தான் காட்டிக்கொடுக்கவில்லை என்று பெரியவருக்கு உறுதி கொடுத்த மாதிரி. இத்தனை வருஷம் கழித்து ஒரு நாள் போன் பண்ணுகிறான், எதற்கு? வாயைத் திறந்துவிட்டாயா என்று பார்க்க. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியிருக்கிறது. வேறு எப்படித் தோன்றும். அவரை அவளுக்குத் தெரியும்.

"அதுக்கில்ல" என்றார். "இங்க டைரக்டர் பக்கத்துல நிக்காங்க. ஸ்பீக்கர்ல போடுதேன். நீ நடந்ததைச் சொல்லிரு. எல்லாத்தையும் சொல்லிரு, நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன்." போனைத் திருப்பி மேஜைமேல் வைத்தார். பட்டனை ரேணுகா தொட்டாள். அவள் முகம் என்னவோ ஆகிவிட்டிருந்தது. லைன் போய்விட்டதோ என்று ரேணுகா குனிந்தாள்.

"சார்" என்றாள் சௌந்தரி. இப்போது தாழ்த்தவில்லை. "நான் எதுக்கு சார் சொல்லணும்?"

"நீ சொன்னாத்தான்..."

"அன்னைக்குக் கையெழுத்தையும் நான்தானே போட்டேன். இதையும் நானே சொல்லணுமா? நீங்க சொல்ல மாட்டீங்களா?"

காது, கழுத்து, கையுறைப் பவுடர் ஒட்டிய விரல் நுனி வரை சுட்டது. அவள் கத்தவில்லை. குப்பியைப் பற்றிக் கேட்ட அதே குரல்தான், தெரிந்துகொள்ளக் கேட்கிற குரல். சொல்லிவிடலாம் என்று உள்ளே ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் கண்டுபிடித்த நியாயமான வழி என்ன என்று அவருக்கு இப்போதுதான் விளங்கியது. மறுபடியும் ஒரு காலிக் கட்டம். மறுபடியும் 'போடு'.

"ரேணுகா" என்றார். "அந்தச் சனிக்கிழமை இவ இல்லை. ஒரு மணிக்கே போயிட்டா. ஊத்தினது நான். ஒரே குப்பி. வரிசை மாத்தி ஊத்தினேன். திங்கக்கிழமை இவளை மிரட்டிக் கையெழுத்து வாங்கினேன்."

ரேணுகா கதவு சாத்தியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்தாள். அப்புறம் மெல்ல, "சரி சார். இதை வேற மாதிரி எழுதிக்கலாம். யாருன்னு குறிப்பிடாம, பொதுவா கையாளுகைப் பிழைன்னு போட்டுடலாம். நீங்க வேணும்னு செய்யலையே. அப்ப உங்களுக்கே தெரியாதுல்ல."

தப்பிக்க ஒரு வழி திறந்து கிடக்கிறது, இந்தா போய்விடு என்கிறாள். நல்ல பெண். பாதி சொன்னதற்கே மனசு கொஞ்சம் லேசாகிவிட்டிருந்தது. இத்தோடு நிறுத்தினால் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஸ்பீக்கரில் சௌந்தரியின் மூச்சு கேட்டது.

"தெரியும்" என்றார். "ரெண்டாயிரத்து மூணுலயே தெரியும். முழுசா வாசிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு எழுத்துதான். அந்த ரெண்டு இருக்கிற துண்டை மட்டும் வெட்டிப் போட்டேன். மீதி என் கம்ப்யூட்டர்ல இருக்கு. எடுத்துக்கோ."

"சார், யோசிச்சு..."

"தெரிஞ்சேதான் பண்ணினேன்." காது கேளாதவரிடம் சொல்வதுபோல் உரக்க வந்துவிட்டது. "அப்படியே எழுது. பேரைப் போட்டு எழுது."

ரேணுகா பேனாவை மூடவில்லை, எழுதவும் இல்லை. மேஜைமேல் கிடந்த போனையே பார்த்தாள். ஆவுடையப்பனும் அதையே பார்த்தார்.

"கேட்டுச்சு சார்" என்றாள் சௌந்தரி.

அவ்வளவுதான். பரவாயில்லை என்று சொல்லவில்லை. விடுங்க சார் என்றும் சொல்லவில்லை. அவள் வைக்கவும் இல்லை. தேங்காய் துருவுகிற சத்தம் மறுபடி தொடங்கியது. ஆவுடையப்பன் மேஜையில் கையூன்றி நின்றுகொண்டே இருந்தார். அரை நிமிடம் போயிருக்கும், தான் எதற்காகக் காத்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவருக்குப் புரிந்தது. அதையும் அவளே தர வேண்டும் என்று நின்றுகொண்டிருந்தார்.

"வைக்கிறேன்மா" என்றார். அவராகவே வைத்தார்.